குவாண்டம் உலகில் பூவா, தலையா?

நாணயம் ஒன்றைச் சுண்டி எறிந்து, உள்ளங்கையில் ஏந்தி, மறு கையால் மூடிவிடுகிறோம். பூவா, தலையா? பார்க்காதவரை நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று மட்டுமே கூற முடியும். ஆனால் ஒன்றில் நமக்கு ஐயமே இல்லை. மூடிய கைக்குள் நாணயம் ஏற்கெனவே பூவாகவோ தலையாகவோ கிடக்கிறது. கையைத் திறப்பதால் அது மாறிவிடுவதில்லை. தெரியாமை நம்முடையது, நாணயத்துக்கு அதில் பங்கில்லை.

குவாண்டம் இயந்திரவியலும் நிகழ்தகவின் மொழியிலேயே பேசுகிறது. ஓர் எலெக்ட்ரான் இங்கே கிடைக்க இத்தனை விழுக்காடு வாய்ப்பு, அங்கே கிடைக்க இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்கிறது. இந்த நிகழ்தகவும் மூடிய கைக்குள் இருக்கும் நாணயத்தைப் போன்றதுதானா? விடை முன்பே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று கொள்ளலாமா? அல்லது அளக்கும் வரையில் விடை என்ற ஒன்றே கிடையாதா?

கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர் யாரேனும் ஒருவர் எழுந்து இக்கேள்வியைக் கேட்டுவிடுவார். 'இது தத்துவம், தேர்வுக்கு வராது' என்று கூறிக் கடந்து செல்வது எளிது. இயற்பியலாரில் பெரும்பாலோரும் நெடுங்காலம் அவ்வாறே கடந்து சென்றனர். ஆயினும் இதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை காண முடியும் என்பதை 1964 இல் ஒருவர் காட்டினார். அவர் காட்டிய வழி எது, கிடைத்த விடை என்ன என்பவற்றை இங்கே காண்போம். இதற்கு உயர் கணிதம் வேண்டியதில்லை. கூட்டலும், ஒளியியல் பாடத்தில் வரும் ஒரு விதியும் போதும்.

ஒரு ஃபோட்டானும் ஒரு போலராய்டும்

ஒளி ஒரு குறுக்கலை. அதன் அதிர்வுகள் ஒளி செல்லும் திசைக்குச் செங்குத்தாக நிகழ்கின்றன. போலராய்டுத் தகடு ஒன்றின் மேல் ஒளி விழுந்தால், தகட்டின் அச்சுக்கு இணையான அதிர்வு மட்டுமே வெளியே வருகிறது. இவ்வாறு ஒரே திசையில் அதிரும் ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். இதன் எதிரே இரண்டாவது போலராய்டு ஒன்றை வைத்துச் சுழற்றினால் ஒளிச்செறிவு குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறையும் என்பதை மாலஸ் விதி கூறுகிறது. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால், கடந்து செல்லும் பங்கு கிடைத்துவிடும். கோணம் 30 பாகை எனில் முக்கால் பங்கு கடக்கும். 45 பாகை எனில் பாதி. 60 பாகை எனில் கால் பங்கு. 90 பாகை எனில் ஒன்றுமே கடக்காது.

இப்போது ஒளி மூலத்தை மிகவும் மங்கலாக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் வருமாறு செய்வோம். ஃபோட்டானைக் காலாகவும் முக்காலாகவும் பிளக்க முடியாது. ஒன்று அது முழுதாகக் கடக்க வேண்டும்; இல்லையேல் முழுதாகத் தடைப்பட வேண்டும். கடந்தால் 'ஆம்' என்றும் தடைப்பட்டால் 'இல்லை' என்றும் குறித்துக்கொள்வோம். 60 பாகைக் கோணத்தில் 100 ஃபோட்டான்களை அனுப்பினால் ஏறத்தாழ 25 'ஆம்', 75 'இல்லை' கிடைக்கும்.

எந்த 25? இதைக் கூறக் குவாண்டம் கொள்கையில் வழியில்லை. நூறு ஃபோட்டான்களும் முதல் போலராய்டைக் கடந்து வந்தவை. ஒன்றுக்கொன்று எவ்வகையிலும் வேறுபாடு இல்லாதவை என்பதே அக்கொள்கையின் கூற்று. வேறுபாடே இல்லாதவற்றுள் சில மட்டும் கடந்ததேன்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஐன்ஸ்டைனின் ஐயம்

குவாண்டம் இயந்திரவியலின் அலைச் சார்பு நமக்குத் தருவது நிகழ்தகவையே என்று 1926 இல் மாக்ஸ் பார்ன் விளக்கினார். நீல்ஸ் போர், ஹெய்சன்பர்க் முதலியோர் இதை இயற்கையின் அடிப்படைப் பண்பாகவே ஏற்றனர். அவர்கள் தந்த விளக்கம் கோபன்ஹேகன் விளக்கம் எனப் பெயர் பெற்றது. அளவீடு செய்யாத நிலையில் ஃபோட்டானிடம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடை இருப்பதாகப் பேசுவதே பொருளற்றது என்பது இதன் சாரம்.

ஐன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. குவாண்டம் கணக்குகள் தவறானவை என்று அவர் வாதிடவில்லை; கொள்கை முழுமை பெறவில்லை என்றார். நாம் இன்னும் கண்டறியாத மறைந்த குணம் ஏதோ ஒவ்வொரு ஃபோட்டானிடமும் இருக்க வேண்டும். எது கடக்கும், எது தடைப்படும் என்பதை அதுவே முடிவு செய்யும் என்று கருதினால் குழப்பம் தீர்ந்துவிடும். மூடிய கைக்குள் நாணயம் என்ற கருத்து இதுவே. நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலவு இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறீரா என்று, உடன் நடந்து வந்த இயற்பியலார் ஆபிரகாம் பயிஸிடம் ஐன்ஸ்டைன் ஒருமுறை கேட்டார். பயிஸ் பின்னர் இதை எழுதியிருக்கிறார்.

ஃபோட்டான் முன்கூட்டியே ஒரு விடைப் பட்டியலைச் சுமந்து வருகிறதா என்பதை மூன்று போலராய்டுகளைக் கொண்டு சோதிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். செங்குத்து அச்சும் கிடை அச்சும் உடைய இரு தகடுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒளி வெளியே வராது. இரண்டுக்கும் இடையில் 45 பாகையில் மூன்றாவது தகட்டைச் செருகினால் ஒளி வருகிறது! முதல் தகட்டைக் கடந்த ஒளியில் கால் பங்கு மறுபுறம் தெரிகிறது. மாறாத விடைப் பட்டியலை ஃபோட்டான் சுமந்து வந்திருந்தால் இவ்வாறு நிகழ முடியாது. ஆனால் இதற்கு எளிதில் மறுப்புக் கூறலாம். இடையில் செருகிய தகடு ஃபோட்டானின் குணத்தையே மாற்றிவிட்டது எனலாம். எனவே ஃபோட்டானைத் தொடாமலே அதன் குணத்தை அறிய ஒரு வழி வேண்டும்.

இரட்டைப் பிறவிகள்

அவ்வழியைக் காட்டியவர் ஐன்ஸ்டைனேதான். 1935 இல் போடோல்ஸ்கி, ரோசன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒன்றாக இருந்து பிரிந்து சென்ற இரு துகள்களைப் பற்றியது அது. இவ்வாறு பிணைந்த நிலையைக் 'குவாண்டம் பின்னல்' என்கிறோம். அவர்கள் துகளின் இடத்தையும் உந்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நாம் எளிமைக்காக ஃபோட்டான்களையே எடுத்துக்கொள்வோம்.

கால்சியம் அணு ஒன்றைத் தக்கவாறு கிளர்ச்சியுறச் செய்தால், அது பச்சை நிற ஃபோட்டான் ஒன்றையும் ஊதா நிற ஃபோட்டான் ஒன்றையும் அடுத்தடுத்து வெளியிடும். எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இவ்விரு ஃபோட்டான்களின் எதிரே ஒவ்வொரு போலராய்டை வைப்போம். இரு தகடுகளும் ஒரே கோணத்தில் இருந்தால், அக்கோணம் எதுவானாலும், இரு விடைகளும் ஒத்திருக்கும். இடப்புறம் 'ஆம்' எனில் வலப்புறமும் 'ஆம்'. இடப்புறம் 'இல்லை' எனில் வலப்புறமும் 'இல்லை'.

ஐன்ஸ்டைனின் வாதம் இப்போது தெளிவாகும். இடப்புற ஃபோட்டானை அளந்தவுடன் வலப்புற ஃபோட்டானின் விடை நமக்குத் தெரிந்துவிடுகிறது. வலப்புற ஃபோட்டானை நாம் தொடவே இல்லை. அது எவ்வளவு தொலைவிலும் இருக்கலாம். இங்கே செய்த அளவீடு அங்கே உள்ளதை அக்கணமே மாற்றாது என்றால், அங்கே விடை முன்பே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்விடையைக் குவாண்டம் கொள்கை கூறவில்லை என்றால் அக்கொள்கை குறையுடையது அல்லவா?

அதே ஆண்டில், அதே ஆய்விதழில், அதே தலைப்பில் நீல்ஸ் போர் மறுப்பு எழுதினார். அளவீட்டுக் கருவியையும் அளக்கப்படும் பொருளையும் தனித்தனியே பிரித்துப் பேச முடியாது என்பது அவர் நிலை. விவாதம் அத்துடன் நின்றது. இரு தரப்பும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடையைப் பெற்றால், யார் கூறுவது சரி என்று எவ்வாறு முடிவு செய்வது?

பேசி வைத்துக்கொண்ட மாணவர்கள்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1928 இல் பிறந்தவர் ஜான் பெல். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் துகள் இயற்பியல் அவருடைய பணி. குவாண்டம் கொள்கையின் அடிப்படை பற்றிய ஆய்வை ஓய்வு நேரத்திலேயே செய்தார். பணியிலிருந்து விடுப்புப் பெற்று அமெரிக்கா சென்றிருந்தபோது 1964 இல் அவர் எழுதிய சில பக்கக் கட்டுரைதான், முடிவுறாத அவ்விவாதத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைன் 1955 இலும் நீல்ஸ் போர் 1962 இலும் மறைந்துவிட்டனர். இருவருமே அதைக் காணவில்லை.

பெல் போட்ட கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை செய்வோம். இரு மாணவர்கள் தனித்தனி அறைகளில் நேர்முகத் தேர்வுக்கு அமர்கின்றனர். ஒவ்வோர் அறையிலும் தேர்வாளர் மூன்று கேள்விகளுள் ஒன்றைத் தம் விருப்பப்படி கேட்பார். விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. ஒரே கேள்வி கேட்கப்படும்போதெல்லாம் இருவர் விடையும் ஒத்திருக்கின்றன. இருவரும் பேசிக்கொள்ள வழியில்லை. அப்படியானால் என்ன நடந்திருக்கும்? உள்ளே போகும் முன்பே மூன்று கேள்விகளுக்கும் விடைகளைப் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒரே விடைப் பட்டியல் இருவரிடமும் இருக்கிறது. வேறு எவ்வகையிலும் இதை விளக்க இயலாது.

இங்கே மாணவர்கள்தாம் ஃபோட்டான்கள். கேள்விகள்தாம் போலராய்டின் கோணங்கள். ஐன்ஸ்டைன் தேடிய மறைந்த குணமே அந்த விடைப் பட்டியல்.

பெல் கண்ட வரம்பு

பெல் எழுதிய கணிதத்தை நாம் எளிமையாக்கி, 30 பாகை இடமாகச் சாய்ந்த நிலை, நேர் நிலை, 30 பாகை வலமாகச் சாய்ந்த நிலை என மூன்று நிலைகளை மட்டும் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 100 ஜோடி ஃபோட்டான்களை அனுப்புவோம்.

முதலில் இரு தகடுகளும் நேர் நிலையில் உள்ளன. 100 ஜோடிகளிலும் விடைகள் ஒத்துள்ளன.

அடுத்து, இடப்புறத் தகட்டை மட்டும் 30 பாகை இடமாகச் சாய்க்கிறோம். மாலஸ் விதிப்படி 75 ஜோடிகளில் விடைகள் ஒத்திருக்கும். 25 ஜோடிகளில் மாறுபடும். விடைப் பட்டியல் உண்டு என்பவர் இதை எவ்வாறு கூறுவார்? நேர் நிலைக்கு எழுதிய விடையும் இடச் சாய்வுக்கு எழுதிய விடையும் 100 பட்டியல்களில் 25 இல் மாறுபட்டுள்ளன என்பார்.

மூன்றாவதாக, இடப்புறத் தகட்டை மீண்டும் நேராக்கி, வலப்புறத் தகட்டை 30 பாகை வலமாகச் சாய்க்கிறோம். இப்போதும் 25 ஜோடிகளில் மாறுபாடு. அதாவது நேர் நிலை விடையும் வலச் சாய்வு விடையும் 25 பட்டியல்களில் மாறுபட்டுள்ளன.

கடைசியாக இரு தகடுகளையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகச் சாய்க்கிறோம். இப்போது எத்தனை ஜோடிகளில் மாறுபாடு வரலாம்? இடப்புறத்தால் 25, வலப்புறத்தால் 25. ஆக மொத்தம் 50. சில ஜோடிகளில் இரு மாறுபாடுகளும் சேர்ந்து, மீண்டும் விடைகள் ஒத்துப்போகக்கூடும். ஆகையால் 50 க்குக் குறையலாமே தவிர 50 ஐத் தாண்ட முடியாது. பட்டியலில் எதை எழுதி வைத்தாலும், எவ்வளவு தந்திரமாக எழுதி வைத்தாலும் இவ்வரம்பை மீற இயலாது.

குவாண்டம் கொள்கை கூறுவது என்ன? இரு தகடுகளுக்கும் இடையே இப்போது 60 பாகை உள்ளது. மாலஸ் விதிப்படி 25 ஜோடிகள் மட்டுமே ஒத்திருக்கும். 75 ஜோடிகளில் விடைகள் மாறுபடும்!

ஒரு பக்கம் 50 க்கு மேல் இல்லை. மறு பக்கம் 75. இரு தரப்பும் முதன்முறையாக வெவ்வேறு விடைகளைக் கூறுகின்றன. இனி வாதம் வேண்டாம். எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பு

1972 இல் அமெரிக்காவில் பெர்க்லியில் ஜான் கிளவுசரும் ஸ்டூவர்ட் ஃபிரீட்மனும் கால்சியம் அணுக்களைக் கொண்டு இச்சோதனையைச் செய்தனர். குவாண்டம் கொள்கை தோற்கும் என்றே கிளவுசர் எதிர்பார்த்திருந்தார். ஆனால் அக்கொள்கை வென்றது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. தகடுகளின் கோணங்கள் முன்பே நிலையாக வைக்கப்பட்டிருந்தன. அறியாத ஏதோ ஒரு வழியில் ஒரு பக்கத்துச் செய்தி மறு பக்கத்தை எட்டியிருக்கலாம் அல்லவா? பிரான்சில் ஓர்சே நகரில் அலென் ஆஸ்பே தம் குழுவினருடன் 1982 இல் இதை நீக்க முற்பட்டார். கோணத்தை மாற்றும் இரு அமைப்புகளும் 12 மீட்டர் இடைவெளியில் இருந்தன. இத்தொலைவைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் நூறு கோடியில் 40 பங்கு நேரம் தேவை. ஆஸ்பேயின் அமைப்பு ஏறத்தாழ 10 பங்கு நேரத்துக்கு ஒருமுறை கோணத்தை மாற்றியது. ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கேள்வி மாறியது! அப்போதும் முடிவு மாறவில்லை.

இச்சோதனைகளில் நம் 30 பாகைக் கணக்குக்குப் பதிலாக நான்கு கோண இணைகளிலிருந்து பெறப்படும் ஓர் எண்ணைக் கணக்கிடுவது வழக்கம். விடைப் பட்டியல் உண்டு எனில் அது 2 ஐத் தாண்டாது. குவாண்டம் கொள்கைப்படி 2.83 வரை செல்லலாம். 1982 இல் வெளியான சோதனை ஒன்றில் ஆஸ்பே குழுவினருக்குக் கிடைத்தது 2.697.

பின்னர் 1998 இல் இன்ஸ்ப்ரக் நகரில் ஆன்டன் சைலிங்கர் குழுவினர் 400 மீட்டர் இடைவெளியில், கோணங்களைத் தற்செயலாகத் தேரும் கருவிகளுடன் இதைச் செய்தனர். எஞ்சியிருந்த ஓட்டைகள் அனைத்தையும் ஒருசேர அடைத்த சோதனை 2015 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்தது. 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரப் படிகங்களில் இருந்த எலெக்ட்ரான்கள் அதில் பயன்பட்டன. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு இதே முடிவை எட்டினர். கிளவுசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஜான் பெல் 1990 இலேயே மறைந்துவிட்டார்.

எதைக் கைவிடுவது?

ஃபோட்டான் மூடிய கைக்குள் இருக்கும் நாணயம் அன்று என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாமா? சற்றுப் பொறுமை வேண்டும். நம் கணக்கில் இரு நம்பிக்கைகள் ஒளிந்திருந்தன. ஒன்று, அளப்பதற்கு முன்பே விடை இருக்கிறது என்பது. மற்றொன்று, ஒரு பக்கத்தில் தகட்டைச் சாய்ப்பது மறு பக்கத்து விடையை அக்கணமே பாதிக்காது என்பது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பதே ஆய்வுக்கூடம் தந்த தீர்ப்பு.

கோபன்ஹேகன் விளக்கத்தை ஏற்போர் முதல் நம்பிக்கையைக் கைவிடுகின்றனர். டேவிட் போம் 1952 இல் தந்த விளக்கம் இரண்டாவதைக் கைவிடுகிறது. அதன்படி துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால் அதை வழிநடத்தும் அலை தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. 1957 இல் ஹியூ எவரெட் தந்த விளக்கம் இன்னும் வியப்பானது. 'ஆம்', 'இல்லை' ஆகிய இரண்டுமே நிகழ்கின்றன. உலகம்தான் கிளைகளாகப் பிரிகிறது என்கிறது அது. நம் கணக்கு ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே விடைதான் உண்டு என்று எடுத்துக்கொண்டதால், அது எவரெட்டைக் கட்டுப்படுத்தாது. இம்மூன்றும் இதுவரை செய்த சோதனைகளுக்கு ஒரே முடிவுகளையே தருகின்றன. எது சரி என்பதில் இயற்பியலாரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆனால் எந்த விளக்கத்தை ஏற்றாலும், முன்பே விடை உண்டு, தொலைவும் தடை செய்யும் என்ற பழைய எளிய படத்துக்குத் திரும்ப முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள்

இச்செய்தியைக் கேட்டவுடன் சிலர் இரண்டு தவறான முடிவுகளுக்குத் தாவிவிடுகின்றனர்.

முதலாவது, ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்பது. இது இயலாது. ஒவ்வொரு முனையிலும் கிடைப்பது 'ஆம்', 'இல்லை' என்று ஒழுங்கின்றி வரும் வரிசை மட்டுமே. இரண்டும் பாதிக்குப் பாதி. மறு முனையில் தகட்டை எப்படித் திருப்பினாலும் இவ்வரிசையில் மாறுதல் தெரியாது. இரு முனைகளின் குறிப்புகளையும் ஓரிடத்தில் சேர்த்து ஒப்பிட்ட பிறகுதான் தொடர்பு வெளிப்படும். அக்குறிப்புகள் ஒளியின் வேகத்துக்கு மேல் பயணம் செய்யா.

இரண்டாவது, மனிதரின் எண்ணமே உலகைப் படைக்கிறது என்று இயற்பியல் நிறுவிவிட்டதாகக் கூறுவது. குவாண்டம் என்ற சொல்லைச் சேர்த்து மனோசக்தியையும் மருத்துவத்தையும் விற்போர் இதை விரும்பிக் கூறுவர். மேலே கண்ட சோதனைகளில் ஃபோட்டான்களை எண்ணியவை கருவிகள். ஆய்வாளர் பின்னரே குறிப்புகளைப் பார்த்தனர். அவர்கள் எதை நினைத்தார்கள், எதை விரும்பினார்கள் என்பதற்குக் கணக்கில் இடமே இல்லை. கிளவுசர் விரும்பியது ஒன்று. கருவி எண்ணியது வேறொன்று.

மாறாக, இதனால் விளைந்த பயன் உறுதியானது. பின்னலுற்ற ஃபோட்டான்களைக் கொண்டு இரகசியக் குறியீட்டுத் திறவுகோலைப் பகிரலாம் என்று 1991 இல் ஆர்தர் எகெர்ட் காட்டினார். இடையில் எவரேனும் ஒட்டுக்கேட்டால் 75 என்ற எண் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். 2017 இல் சீனாவின் 'மிசியஸ்' செயற்கைக்கோள் 1200 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு நிலையங்களுக்கு இத்தகைய ஜோடிகளை அனுப்பியது. அங்கும் பெல் வரம்பு மீறப்பட்டது.

படித்ததை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கோணங்களுக்கு 'ஆம்', 'இல்லை' என எழுதினால் எட்டு வகைப் பட்டியல்கள்தாம் வரும். அவற்றை எவ்விகிதத்தில் வேண்டுமானாலும் கலந்து 100 பட்டியல்களை அமையுங்கள். முதல் இரண்டு மாறுபாடுகள் 25, 25 ஆகவும், மூன்றாவது 75 ஆகவும் வருமாறு செய்ய முயலுங்கள். அரை மணி நேரத்தில், முடியாது என்பது விளங்கிவிடும். கால்சியம் அணுவிலிருந்து புறப்படும் ஃபோட்டான்கள் அதைத்தான் செய்கின்றன.